கரையில் நின்ற ஆள்

என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பது கல்யாணமான புதிதில்தான் எனக்குத் தெரிந்தது. மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து எர்ணாகுளத்துக்குப் போட்டில் போகலாம் என்று நான் சொன்னேன். அவர் பஸ்ஸில் போகலாம் என்றார். தோப்பும்படி பாலம் சுற்றி, புகையும் நெரிசலுமாக எதற்குப் போக வேண்டும் என்று நான் விடவில்லை. ஏறியதும் அவர் நேராகப் படகின் நடுவுக்குப் போய், இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கரை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவருக்குக் கார்ப்பரேஷனில் தெருவிளக்குப் பிரிவில் வேலை. மழையில் நனைந்த கம்பத்தில் ஏணி சாத்தி ஏறுகிறவர். உயரம் அவருக்கு ஒன்றுமில்லை. தண்ணீர்தான். சின்ன வயதில் வைப்பினிலிருந்து வந்த வள்ளம் ஜெட்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்ததும், எல்லாரையும் தூக்கிய பிறகுதான் இவர் இல்லை என்று தெரிந்ததும் என் மாமியார் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர் அதைப் பற்றிப் பேச மாட்டார். நானும் கேட்டதில்லை.

நான் அப்போது தோப்பும்படியில் ஒரு இறால் ஏற்றுமதி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். கம்ப்யூட்டர் வந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஆபீசில் கணக்குப் பிரிவில் ஒரு சேச்சி இருந்தார். ஆலுவாப் பக்கம் பெரியாற்றங்கரையில் பிறந்தவர். நாற்பதைத் தாண்டியவர், கணவர் கல்ஃபில். பிறந்த வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் ஆற்றைக் குறுக்கே நீந்திக் கடப்பேன் என்பார். அவர்தான் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அந்தப் பேச்சை எடுத்தார். குடகு மலையில் மழைக்காலத்தில் மட்டும் பெருகி ஓடும் ஓர் ஆறு இருக்கிறது, ரப்பர் படகில் பாறைகளுக்கு நடுவே கூட்டிப் போகிறார்கள், சொந்தக்காரப் பையன் ஒருவன் போய் வந்து வாய் ஓயாமல் பேசுகிறான் என்றார். ஷிப்பிங் பிரிவில் இருந்த சேட்டன்மார் இருவரும் உடனே சரி என்றார்கள். எங்கள் மேனேஜர் பாலக்காட்டுக்காரர், ஐம்பதை நெருங்கியவர், ஆஸ்துமா உள்ளவர். அவரே வருகிறேன் என்றபோது எல்லாரும் ஆச்சரியப்பட்டோம்.

"எடீ, நீ வருந்நோ?" என்று சேச்சி என்னைக் கேட்டார்.

"வரேன் சேச்சி" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. மட்டாஞ்சேரியில் எங்கள் லைன் வீடுகளில் இருந்த பெண்கள் யாருக்கும் தெரியாது. சுற்றிலும் காயலும் கடலும் இருக்க, நாங்கள் தண்ணீரைக் குடத்தில்தான் பார்த்தோம். பள்ளிக்கூடம், பிறகு டைப்ரைட்டிங் கிளாஸ், பிறகு வேலை. வேடிக்கைக்காக மட்டும் ஓர் இடத்துக்குப் போவது என்பது என் வாழ்க்கையில் அதுவரை நடந்ததில்லை. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

வீட்டில் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. பிறகு மெல்லச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார்.

"எந்த ஆறு?"

சொன்னேன்.

"யார் கூட்டிட்டுப் போறாங்க?"

"அங்க ஆள் இருக்காங்களாம். சேச்சி போன் நம்பர் வாங்கி வெச்சிருக்கா."

"போக வேண்டாம்னு நான் சொல்லல கேட்டியா. எப்படிப் போறீங்கன்னு எனக்குத் தெரியணும். அது தெரியாம என்னால இங்க இருக்க முடியாது."

மறுநாள் மதியமே ஆபீசுக்கு வந்துவிட்டார். காக்கிச் சட்டையோடு வந்து சேச்சியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். சேச்சிக்கு முதலில் சிரிப்பு. பெண்டாட்டியைத் தடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அவர் கேட்டதெல்லாம் வேறு. அங்கே எத்தனை படகு சேர்ந்து போகும்? விழுந்தால் யார் எடுப்பார்? மேலே மலையில் மழை பெய்தால் கீழே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? சேச்சிக்குப் பதில் தெரியவில்லை. "வா, விளிச்சு சோதிக்காம்" என்று, போனிலேயே கேட்டுவிடலாம் என எழுந்தார். மூன்று பேரும் எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போனோம்.

சேச்சி முதலில் கூப்பிட்ட இடத்தில் பேசிய ஆள் நல்ல உற்சாகமாகப் பேசினான். ஒன்றும் ஆகாது, சின்னப் பிள்ளைகளைக்கூடக் கூட்டிப் போகிறோம், எங்கள் ஆட்கள் எல்லாம் மீன் மாதிரி நீந்துவார்கள் என்றான். இவர் போனை வாங்கி, "ஆத்துல தண்ணி எவ்வளவு ஏறினா நீங்க போக மாட்டீங்க?" என்று மலையாளத்தில் கேட்டார். "நாங்க எப்பவும் போவோம் சேட்டா" என்று அவன் சிரித்தான். இவர் போனை வைத்துவிட்டார்.

"இது வேண்டா சேச்சி. எப்பவும் போறவங்கூடப் போகக் கூடாது."

சேச்சியிடம் இன்னொரு நம்பர் இருந்தது. அதில் பேசியவர் குடகுக்காரர், கண்ணூர்ப் பக்கத்து மலையாளம் பேசினார். மெதுவாகப் பேசும் ஆள். அதே கேள்விக்கு அவர், இறங்கும் இடத்தில் ஒரு பாறை இருக்கிறது, அது மூழ்கினால் படகை இறக்க மாட்டோம், வந்தவர்கள் திட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள், அதற்கு நான் என்ன செய்வது என்றார். படகுக்கு முன்னால் ஒற்றை ஆள் ஓட்டும் சிறிய கயாக் ஒன்று போகும், விழுந்தவர்களை அது பிடிக்கும், எறிகயிறு இரண்டிலும் உண்டு என்றார். உங்கள் கூட்டத்தில் யாருக்கு என்ன உடம்பு என்று அவரே திருப்பிக் கேட்டார். மேனேஜரின் ஆஸ்துமாவைச் சொன்னோம். மருந்து உறிஞ்சும் டப்பாவைத் தண்ணீர் புகாத பையில் போட்டுத் தன்னிடம் தர வேண்டும், மறந்துவிட்டு வந்தால் படகில் ஏற்ற மாட்டேன் என்றார்.

கடைசியாக இவர் ஒன்று கேட்டார். அதைக் கேட்கும்போது எங்களைப் பார்க்காமல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"படகு கவுந்து ஆள் அடியில மாட்டிக்கிட்டா?"

அந்தப் பக்கம் நீண்ட பதில் வந்தது. இவர் தலையை மட்டும் ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், அந்த ஆள் என்ன சொன்னார் என்று சேச்சி கேட்டார். "பழகிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வீட்டில் ஒரு பெரிய அறையும் சமையலிடமும்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் கட்டில்களை வெளியே எடுத்துப் போட்டு, நீலத் தார்ப்பாயை நான்கு மூலையிலும் கட்டி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொருவராக அதன் அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, கைகளால் தார்ப்பாயைத் தடவி, ஒரே திசையில் நகர்ந்து வெளியே வர வேண்டும். நடுவில் திசை மாறக் கூடாது. மாறினால் அடியிலேயே சுற்றுவோம்.

மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் நுழைந்தார். பாதியில் நின்றுவிட்டார். "நேக்கு எந்தப் பக்கம்னே தெரியலையே!" என்ற குரல் மட்டும் வந்தது. சேட்டன்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் தவழ்ந்து வெளியே வந்தபோது கண்ணாடியின் ஒரு காது கையோடு வந்துவிட்டது. அதைப் பார்த்து இவர், ஆற்றுக்குப் போகும்போது கண்ணாடியைப் பின்னால் நாடா வைத்துக் கட்ட வேண்டும் என்றார்.

பிறகு எல்லாரையும் வரிசையாகத் தரையில் படுக்க வைத்தார். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய, கால் முன்னால் இருக்கும்படி மிதக்க வேண்டும். ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீர் ஆளை முன்னால் தள்ளிக் கவிழ்த்துவிடும். போனில் கேட்டதை அப்படியே சொன்னார். எல்லாரும் போன பிறகு நான் தார்ப்பாயை மடித்துக்கொண்டே, "நீங்க ஒரு தடவைகூட அடியில போகலியே" என்றேன் விளையாட்டாக.

அவர் கட்டிலை உள்ளே இழுத்துப் போட்டார். அதன் மேல் உட்கார்ந்தார்.

"அந்த வள்ளத்துக்கு அடியில எனக்கு மூச்சு இருந்துது" என்றார். "கொஞ்சம் காத்து நின்னுது. நான் பலகையைப் பிடிச்சிருந்தேன். வெளிய எல்லாரும் பேசறது நல்லாக் கேட்டுது. என் அம்மா குரல், படகுக்காரன் குரல், எல்லாம். ஆனா என் பேரை யாரும் சொல்லல. எல்லாரும் ஏறியாச்சுன்னு நினைச்சுட்டாங்க போல. நான் கத்தினது அவங்களுக்குக் கேக்கல. அதான் எனக்குப் பேடி, அதான் பயம். தண்ணிகூட இல்ல."

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

"நாங்க கீழ ஆள் இல்லாம ஏணியில ஏற மாட்டோம். அது போல உங்களுக்கும் கரையில ஒரு ஆள் வேணும். எத்தனை மணிக்கு எங்க வருவீங்கன்னு தெரிஞ்ச ஆள். வரலன்னா தேடி வர ஆள். நான் வரேன். படகுல இல்ல. கரையில நிக்கறேன்."

அப்படித்தான் அவரும் எங்களோடு வந்தார்.

ஆகஸ்ட் விடுமுறையை ஒட்டிப் புறப்பட்டோம். தலச்சேரிவரை ரயில். அங்கிருந்து வேனில் இரிட்டி தாண்டி மலை ஏறினோம். மழையில் கண்ணாடி முழுதும் பனி படிந்திருந்தது. வழியெல்லாம் அருவிகள் ரோட்டில் வந்து விழுந்தன. மேனேஜர் ஒவ்வொன்றுக்கும் கைகூப்பினார். இவர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மழையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

படகுக்காரர் போனில் கேட்ட குரலுக்குச் சம்பந்தமே இல்லாமல் குள்ளமாக, இளைஞராக இருந்தார். முதல் நாள் மாலையே எங்களை ஆற்றுக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். காபித் தோட்டத்துக்குக் கீழே ஆறு பழுப்பாக உருண்டுகொண்டிருந்தது. அவர் சொன்ன பாறை மூழ்கியிருந்தது. சேட்டன்மார் முகம் வாடிவிட்டது. "நாளைக்கு இப்படியே இருந்தா போகல" என்று படகுக்காரர் சொல்லிவிட்டார். சேச்சிகூட, இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்று முணுமுணுத்தார். இவர் மட்டும் அந்த ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்குப் பிறகும் இவர் அவரை விடவில்லை. ஏறும் இடமும் இறங்கும் இடமும் சரி, நடுவில் ஏதாவது ஆனால் எந்த வழியாக மேலே வருவீர்கள் என்று கேட்டார். படகுக்காரர் முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார், பிறகு தன் ஜீப்பில் இவரை ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டத்துக்குள் இறங்கும் இரண்டு தடங்களையும் காட்டிவிட்டு வந்தார். சொன்ன நேரத்துக்கு நாங்கள் வராவிட்டால் இவர் ஆற்றங்கரையில் காத்திருக்கக் கூடாது, ஜீப் டிரைவரோடு கீழ்த்தடம் வழியாக உள்ளே வர வேண்டும் என்று பேசி வைத்தார்கள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. பாறையின் தலை நன்றாக வெளியே தெரிந்தது. போகலாம் என்றார் படகுக்காரர். எல்லாருக்கும் ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் கொடுத்து, ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்து ஒவ்வொருவரையும் தூக்கிப் பார்த்தார். காதுவரை ஏறினால் அது சரியான அளவில்லை. என் ஜாக்கெட்டை இரண்டு தடவை மாற்றினார். பிறகு என் கழுத்தைப் பார்த்து, மாலை எதுவும் வேண்டாம், எதிலாவது மாட்டும் என்றார். நான் தாலியைத் தொட்டுக்கொண்டு நின்றேன். கல்யாணமானதிலிருந்து அதைக் கழற்றியதில்லை. இவர் வந்து பின்னால் கொக்கியை விடுவித்தார். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "எங்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

படகு நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். அவர் தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி, மரத்தில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

ஆற்றைப் பற்றி நான் என்ன சொன்னாலும் குறைவுதான். மேலே இருந்து பார்த்தபோது உறுமலாக இருந்தது, உள்ளே போனதும் எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது. பாறைகளுக்கு நடுவே ஆறு நுரைத்து இறங்கும் இடங்களை ராப்பிட் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் படகுக்காரர் ஓரம் கட்டி, எங்கே நுழைவோம் எங்கே வெளியே வருவோம் என்று சொல்வார். "முன்னால!" என்று கத்தினால் எல்லாரும் துடுப்புப் போட வேண்டும். முதல் ராப்பிட்டில் படகு மூக்குக் குப்புற இறங்கி, ஆற்றுத் தண்ணீர் முழுதும் என் மேல் விழுந்தது. நான் அலறினேன். அது பயத்தில் வந்த அலறல் இல்லை. மேனேஜர் "ஐயோ, ஐயோ" என்று சொல்லிக்கொண்டே எல்லாரையும்விட வேகமாகத் துடுப்புப் போட்டார். அமைதியான இடத்தில் படகு மிதந்தபோது சேச்சி திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் ஆபீசில் பார்த்ததே இல்லை.

மூன்றாவதோ நான்காவதோ ராப்பிட்டில் படகு ஒரு பாறையில் ஏறிச் சாய்ந்தது. "பாறைப் பக்கம் சாய்!" என்று கத்தல் கேட்டது. அடுத்த நிமிடம் நான் தண்ணீருக்குள் இருந்தேன். மூக்கிலும் காதிலும் தண்ணீர். மேலே எழ முயன்றேன், தலை ரப்பரில் இடித்தது. படகு என் மேல் இருந்தது. பயப்பட எனக்கு நேரமில்லை. கைகளை மேலே வைத்தேன். தார்ப்பாய் மாதிரியே இருந்தது, வழுக்கலாக. ஒரே திசை, ஒரே திசை என்று தள்ளினேன். வெளிச்சம் வந்தது. யாரோ ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார்கள். கயாக்கில் இருந்த பையன். அதன் பின்புறக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தேன்.

சேட்டன்மாரும் மேனேஜரும் எறிகயிற்றைப் பிடித்து வந்துவிட்டார்கள். மேனேஜருக்கு மூச்சு இரைத்தது. மருந்து டப்பா பையில் இருந்தது. உறிஞ்சிவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார். சேச்சியை மட்டும் காணவில்லை என்று நான் திரும்பினால், அவர் ஆற்றின் நடுவே இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். எழுந்து நிற்கத்தான் பார்த்திருக்கிறார். பாதம் பாறையில் மாட்டிவிட்டது. தண்ணீர் முதுகில் ஏறி அவரை முன்னால் அமுக்கிக்கொண்டிருந்தது. கயாக்குப் பையன் அவருக்கு முன்னால் கயாக்கைக் குறுக்கே நிறுத்தி, சாய்ந்துகொள்ளக் கொடுத்தான். படகுக்காரர் மேல்பக்கத்திலிருந்து மிதந்து வந்து, பிடித்து, பாதத்தை வந்த வழியாகவே பின்னால் இழுத்து எடுத்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் ஏதேதோ சாமி பேர் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கரையில் படுக்க வைத்தபோது சேச்சியின் கணுக்கால் வீங்கி நிறம் மாறியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"சீலம் மோளே, சின்ன வயசுப் பழக்கம். ஆத்துல விழுந்தா கால் ஊனி நிக்கத்தான் எனக்குத் தெரியும்."

நான் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பெரியாற்றில் அவர் கற்றதெல்லாம் பெரியாற்றுக்குச் சரியாக இருந்திருக்கும்.

அதற்குள் மேலே மலையில் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீரின் நிறம் மாறுகிறது என்று படகுக்காரர் காட்டினார். இலையும் குச்சியும் நிறைய மிதந்து வர ஆரம்பித்தன. "ஆறு இனி வேண்டா. நடந்து போகலாம்" என்றார். கயாக்குப் பையனை மட்டும் முன்னால் அனுப்பலாமே என்று ஒரு சேட்டன் கேட்டார். ஏறுகிற தண்ணீரில் ஒற்றை ஆளை விட மாட்டேன் என்றார். படகை மரத்தில் கட்டிவிட்டு, துடுப்பை உடைத்துச் சேச்சியின் காலுக்கு அணை வைத்துக் கட்டி, அவரை மாற்றி மாற்றித் தாங்கிக்கொண்டு காபிச் செடிகளுக்கு நடுவே ஏறினோம். மழை கொட்டியது. போனில் கூப்பிடவும் வழியில்லை. இருந்ததே மேனேஜருடைய போன் ஒன்றுதான், அதுவும் நனைந்துவிட்டது.

தடத்தின் குறுக்கே ஒரு தோடு, சின்ன ஓடை, ஓடியது. முதல் நாள் வெறும் கால் நனையும் அளவாம். இப்போது பாக்கு மரப் பாலம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. தொடையளவு ஆழம் இருக்கும், வேகமும் இருந்தது. அங்கே நின்றுவிட்டோம். சேச்சிக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. திரும்பிப் போகவும் முடியாது, காத்திருந்தால் தண்ணீர் இன்னும் ஏறும்.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் செடிகள் அசைந்தன. ஜீப் டிரைவர் வந்தார், அவருக்குப் பின்னால் இவர். ஒரு கையில் குடை, தோளில் போர்வை மூட்டை. எங்களைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டார். ஒவ்வொருவரின் பேரையும் சத்தமாகக் கூப்பிட்டார். என் பேர், சேச்சி பேர், சேட்டன்மார் பேர், சார். ஒவ்வொருவரும் பதில் சொல்லும்வரை அடுத்த பேரைக் கூப்பிடவில்லை.

படகுக்காரர் கயிற்றை வீசினார். டிரைவர் பிடித்து மரத்தில் கட்டினார். யாரும் கயிற்றை உடம்பில் கட்டக் கூடாது, பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று கத்திச் சொன்னார். அக்கரையில் கரையோரம்தான் ஆழம் அதிகம், அங்கே ஒருவர் இறங்கி நின்று கை கொடுத்தால் சேச்சியை ஏற்றிவிடலாம். டிரைவர் கயிற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மீதி இருந்தது இவர்தான்.

"நீங்க இறங்க வேண்டாம்! டிரைவரை இறங்கச் சொல்லுங்க!" என்று நான் கத்தினேன். மழையில் கேட்டதோ இல்லையோ. கேட்டிருந்தாலும் அவர் என்னைப் பார்க்கவில்லை. படகுக்காரர் உபரி ஜாக்கெட் ஒன்றைக் கயிற்றில் மாட்டி அனுப்பி, அதைப் போடாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்றார். இவர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு எல்லாப் பட்டைகளையும் இழுத்துக் கட்டினார். பிறகு ஒரு காலை வைத்தார். நின்றார். இன்னொரு காலையும் வைத்தார். கயிற்றை இடது கையால் பிடித்து, மேலிருந்து வரும் தண்ணீரைப் பார்த்து நின்றார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

சேச்சியைப் படகுக்காரரும் பையனும் தாங்கி வந்தார்கள். இவர் அவருடைய ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துக் கரையில் தள்ளினார். பிறகு மேனேஜர். "மெல்ல வாங்க சார், நான் இருக்கேன்" என்று சொன்னது கேட்டது. சேட்டன்மார். கடைசியில் நான். கையைப் பிடித்தபோது அந்தப் பிடி கம்பி மாதிரி இருந்தது.

"காலைப் பாத்து வை" என்றார்.

எல்லாரும் ஏறிய பிறகும் அவரால் தானாக ஏற முடியவில்லை. கால் நகரவில்லை. நானும் டிரைவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மேனேஜர் பக்கத்தில் குந்தி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். சேட்டன்மார்கூட அதற்குப் பிறகு ஒருநாளும் அதை வைத்துக் கிண்டல் செய்ததில்லை.

சேச்சியை விராஜ்பேட்டை ஆஸ்பத்திரியில் காட்டினோம். கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு, வேன் பின்சீட்டில் படுக்க வைத்துக் கூட்டி வந்தோம். கீழே இறங்கும்போது மலைப்பாதையில் வெயில் அடித்தது. சேச்சி என்னை எழுப்பி, "எடீ, முதல் ராப்பிட்டில் நீ போட்ட சத்தம் இருக்கே!" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். வேன் முழுதும் சிரித்தது. என் கழுத்தில் தாலி இல்லை என்பது தலச்சேரி வரும்போதுதான் நினைவு வந்தது. முன்சீட்டில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் விட்டுவிட்டேன்.

வீட்டில் மாமியார் நன்றாகத் திட்டினார். அவனைத் தண்ணீர்ப் பக்கம் எதற்குக் கூட்டிப் போனாய் என்று என்னைத்தான். அவர் குறுக்கே வந்து, "நான்தான் போனேன் அம்மா. அவ கூப்பிடல" என்றார். தோட்டில் இறங்கியதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் பயம் போய்விட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். போகவில்லை. இன்றும் எர்ணாகுளத்துக்குப் பஸ்ஸில்தான் போவார். ஒருதடவை, அன்றைக்கு எப்படி இறங்கினீர்கள் என்று கேட்டேன். "உங்களையெல்லாம் கண்ணால பாத்துட்டேன் இல்ல. பின்னே என்ன" என்றார். அதில் எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நான் மாசமாக இருந்ததால் போக முடியவில்லை. சேச்சி கால் சரியாகி, தங்கையையும் சேர்த்துக்கொண்டு போனார். கரையில் நிற்க மேனேஜர் போனார். இந்த முறை தனக்கு அதுதான் வேலை என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு தடங்களையும் இவரிடம் வாய்மொழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

அவர்கள் ஆற்றில் இறங்கிய அன்று மாலை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிடுகிறார்கள் என்று சத்தம் கேட்டது. இவர் தட்டை வைத்துவிட்டு ஓடினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். அங்கிருந்து அவர் பேசுவது நன்றாகக் கேட்டது.

"எல்லாரும் வந்தாச்சா சார்? சேச்சி? தங்கச்சி? நீங்க எண்ணிப் பாத்தீங்களா, இல்ல அவங்க சொன்னதா?" பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "சரி சார். சாயா குடிச்சுட்டு மெல்ல வாங்க."